பெயர் மட்டும் இருந்த ஃபைல்

நானாக மட்டும் இருந்துவிடக் கூடாது. நேற்று மாலை எல்லோரும் போன பிறகு கணினிகளில் படம் காட்ட உதவும் கிராபிக்ஸ் டிரைவரைப் புதுப்பித்தேன். படம் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுத்தானே கிளம்பினேன்?

மென்பொருளில் கோளாறு என்று போன் வந்ததும், இந்த நினைப்போடுதான் அவள் ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்தாள்.

காலை 9.20. புயலை முப்பரிமாணத்தில் வரையும் மென்பொருள் கம்பைல் ஆகாமல், அதாவது எழுதிய வரிகள் ஓடும் புரோகிராமாக மாறாமல், நின்றது. படம் வரையத் தேவையான ஆயத்த ஃபைலான ‘கிராபிக்ஸ் லைப்ரரி கிடைக்கவில்லை’ என்றது திரை. அதை எழுதும் புதிய புரோகிராமருக்கு, பேச்சின் வேகத்தால், ‘பட்டாசு’ என்று பெயர். வேலையில் பட்டாசு தொடர்வாளா என்று அன்று மாலைக் கூட்டத்தில் முடிவாகும்.

“குட்டையைக் குழப்பினது யாருன்னு கண்டுபிடி,” என்றார் ஆய்வுக்கூடத் தலைவர். டிரைவரைப் புதுப்பித்த அவளுக்கு அவர் அக்கா கணவர். லினக்ஸ் கணினிகள் எல்லாம் அவள் பொறுப்பு.

முதலில் பட்டாசை உட்காரவைத்தாள்.

“நேத்து என்ன மாத்தின?”

“மேகத்தோட நிறம். மத்தியானம் நல்லா கம்பைல் ஆச்சுக்கா.”

“லைப்ரரியத் தொட்டியா?”

“தொடறதுக்கு என்கிட்ட பாஸ்வேர்டே கிடையாதே. ஃபைல் பேரு அங்கேயே இருக்கு, பாருங்க. பிரிட்ஜ் முன்னாடி நின்னுக்கிட்டே பால் இல்லைன்னு கத்துவாரே எங்க வீட்டுக்காரர், அந்த மாதிரி இருக்கு.”

சிரிக்க வைக்கத்தான் சொன்னாள். குரல் மட்டும் நடுங்கியது.

9.50. நேற்று மத்தியானம் கம்பைல் ஆன பழைய புரோகிராமை அவள் இயக்கிப் பார்த்தாள். புயல் அழகாகச் சுழன்றது. ஓடுவது ஓடுகிறது, புதிதாகக் கம்பைல் செய்தால்தான் உடைகிறது.

ஓடும் புரோகிராம் லைப்ரரியை ஒரு பெயரில் தேடும். கம்பைல் செய்யும்போது தேடுவது வேறு பெயர். அந்த இரண்டாவது பெயரின் விவரத்தைத் திறந்தாள். அது ஃபைலே இல்லை, இன்னொரு ஃபைலைக் கை காட்டும் இணைப்பு. கை காட்டிய இடத்தில் எதுவும் இல்லை. பழைய டிரைவரோடு அங்கிருந்த ஃபைலையும் நேற்று துடைத்துப் போட்டவள் அவளேதான். படத்தை ஓட்டிப் பார்த்தவள், கம்பைல் செய்து பார்க்கவில்லை.

தலைவர் அறையில் ஒன்று விடாமல் சொன்னாள். அவர் எழுந்து கதவைச் சாத்தினார்.

“இணைப்பைச் சத்தமில்லாம சரி பண்ணிடு. கூட்டத்துல அந்தப் பொண்ணோட புரோகிராம்லதான் கோளாறுன்னு ஒரு வார்த்தை சொல்லு, போதும். உன்னை வேலைக்கு எடுத்ததுக்கே எல்லாரும் என்னைப் பேசறாங்க. உங்க அக்கா முகத்துல நான் எப்படி முழிப்பேன்?”

டிரைவரில் நேர்ந்தது தெரியாமல் நேர்ந்தது. தன் மேலேயே சந்தேகம் இருக்கும்போது பட்டாசைக் குற்றவாளி மாதிரி கேள்வி கேட்டதை என்னவென்று சொல்வது?

“இணைப்பைச் சரி பண்றேன் அத்தான்,” என்றாள் மெல்ல. “அந்த வார்த்தையைச் சொல்ல மாட்டேன்.”