சீல் வைத்த இரும்பு

டயர் குவியலுக்குள்ளிருந்து ஒரு கால் நீட்டிக்கொண்டிருந்தது.

காலில் ஷூ. ஷூவுக்கு மேலே கிரீஸ் படிந்த பேன்ட். அதற்கும் மேலே...

"சீ...!" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள் இன்ஸ்பெக்டர் தோரா லிண்ட்வால்.

வெள்ளிக்கிழமை காலை. ஸ்வீடனின் வார்ம்லாந்து காட்டு நடுவே கிரான்ஃபோர்ஸ் பந்தயத் திடல். தாரிலும் சரளையிலும் மாறி மாறி ஓடும் உலக ராலிகிராஸ் கார்ப் பந்தயப் பருவத்தின் கடைசிப் போட்டி அங்கேதான். தேய்ந்த டயர்களை அள்ளிப் போக வந்த லாரிக்காரன் முதலில் பார்த்தான். பார்த்த வேகத்தில் காலையில் தின்றதையெல்லாம் வாந்தி எடுத்தான்.

அதுவும் எங்கே? தடயத்தின் மேலேயே!

செத்துக் கிடந்தவன் ஸ்வெர்ரே. நார்வே அணியின் தலைமை மெக்கானிக். பின்மண்டை பிளந்திருந்தது.

"கனமான, தட்டையான இரும்பு. நேர் விளிம்பு. ஓரத்துல போல்ட் ஓட்டை மாதிரி ஒரு வட்டத் தடம்" என்று போனில் சொன்னார் பிணப் பரிசோதனை டாக்டர். "அதைக் கண்டுபிடிச்சீங்கன்னா பாதி கேஸ் முடிஞ்சுது."

தோரா தேடினாள். வெள்ளி முழுக்கத் தேடினாள். சனி முழுக்கத் தேடினாள். கூடாரம், லாரி, குப்பைத் தொட்டி, கழிவறை... கழிவறையைப் பற்றிச் சொல்லாமலிருப்பது நல்லது. ஆற்றுக்குள் ஆள் இறக்கினாள். பழைய சைக்கிள்களும் பியர் டின்களும் வந்தன.

இரும்பு வரவில்லை!

ஞாயிறு மதியமும் வந்துவிட்டது. இறுதிப் பந்தயம் முடிந்ததும் லாரிகள் கிளம்பிவிடும். நார்வே எல்லை ஒரு மணி நேரத் தூரம்கூட இல்லை. எல்லையைத் தாண்டினால் இரும்பாவது, மண்ணாவது!

"பந்தயத்தை நிறுத்தச் சொன்னேனே, என்னய்யா ஆச்சு?"

கான்ஸ்டபிள் ஸிக்ஸ்டன் மேலுதட்டுக்கு அடியில் அடக்கியிருந்த புகையிலைப் பொட்டலத்தை நாக்கால் தள்ளி, விரலால் எடுத்து, டப்பா மூடியில் பத்திரமாக வைத்துவிட்டுப் பதில் சொன்னான்.

"முப்பதாயிரம் பேர் கூடாரம் போட்டு மூணு நாளா குடிச்சிட்டு இருக்காங்க மேடம். நிறுத்தினா நமக்கு ஒரு கேஸ் இல்ல, முப்பதாயிரம் கேஸ்."

"முதல்ல அந்தக் கருமத்தை என் கண்ணு முன்னாடி எடுக்காதே."

"சாரி மேடம்."

"ஒரு மனுஷன் செத்திருக்கான். நேத்து அவனுக்காக ஒரு நிமிஷம் மௌனம்னு எல்லா இன்ஜினையும் நிறுத்தினாங்களே... அந்த ஒரு நிமிஷத்துல எத்தனை பேர் ஏப்பம் விட்டாங்க, கேட்டியா?"

"நான் விடலை மேடம்."

"உன் பக்கத்துலதான் நின்னேன்!"

ஸிக்ஸ்டன் தலையைச் சொறிந்தான். பத்து வயசிலிருந்து ராலிகிராஸ் பைத்தியம். டியூட்டியில் இருக்கிறானா, டிக்கெட் வாங்கி வந்திருக்கிறானா என்றே தோராவுக்குச் சந்தேகம்.

நார்வே அணியின் கூடார வாசலில் கூட்டம் முண்டியடித்தது. தோரா எட்டிப் பார்த்தாள்.

டி-ஷர்ட் வியாபாரம்! கறுப்பு டி-ஷர்ட். நெஞ்சில் ஸ்வெர்ரேயின் சிரித்த முகம். அதற்குக் கீழே அணிக்குப் பணம் போடும் எண்ணெய்க் கம்பெனியின் முத்திரை.

விற்பவர் அணி முதலாளி ஹால்வார். ஆறடி உயரம், சிவந்த கழுத்து. தோராவைப் பார்த்ததும் கண்ணைக் கசக்கினார்.

"தம்பி மாதிரி இருந்தான் இன்ஸ்பெக்டர். தூக்கமே வரலை."

"தூக்கம் வராதப்பதான் இதை அச்சடிச்சீங்களா?"

"அவன் நினைவா ஏதாவது செய்யணும்ல... உங்களுக்கு மீடியம் சரியா இருக்குமா?"

தோரா டி-ஷர்ட்டைத் தள்ளிவிட்டாள். முப்பது வருஷமாகக் காரோட்டி ஒரு உலகப் பட்டமும் வாங்காத ஆள் இவர். இப்போது மகள் யோருனை ஓட்ட வைத்திருக்கிறார். போர்ச்சுகலில் ஆரம்பித்து, லாத்வியா, பிரான்ஸ் என்று சுற்றி வந்த பருவம். இன்றைக்கு ஜெயித்தால் யோருன் உலகச் சாம்பியன்! இவர்தான் கொன்றிருப்பார் என்று தோராவின் உள்மனசு சொன்னது. ஆனால் உள்மனசு சொன்னதையெல்லாம் கோர்ட் கேட்காதே.

"வாங்க மேடம், ஃபைனலுக்கு வண்டியெல்லாம் வரிசையில நிக்குது!" என்று இழுத்துப் போனான் ஸிக்ஸ்டன். ஒரு கையில் சாசேஜ், மறு கையில் அதற்குக் கடுகுச் சட்னி.

வரிசையில் கடைசியாக நின்றது யோருனின் நீல நிறக் கார். கதவு திறந்திருந்தது. உள்ளே ஒரே ஒரு இருக்கை. அதில் ஹெல்மெட்டும் பெல்ட்டுமாக யோருன். சின்ன உருவம். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி இருந்தாள்.

அவள் பக்கத்தில், காரின் தரையில்...

தோரா குனிந்தாள்.

ஒரு இரும்புப் பலகை. தட்டையானது. நேர் விளிம்பு. நான்கு மூலையிலும் போல்ட். போல்ட்டுகளின் குறுக்கே முறுக்கிய கம்பி. கம்பி முனையில் ஈய முத்திரை.

"ஸிக்ஸ்டன்... அது என்னய்யா?"

"அதுவா? எடைப் பலகை மேடம். காரும் டிரைவரும் சேர்ந்து இவ்வளவு எடைக்குக் குறையக் கூடாதுன்னு விதி. மத்தவனெல்லாம் மாடு மாதிரி இருக்கான். இவ கொசு. அதனால இரும்பை வச்சு எடையைச் சரிக்கட்டறாங்க."

"சீல் எதுக்கு?"

"நடுவுல கழட்டிட்டு லேசா ஓட்டிட்டாங்கன்னா? அதுக்குத்தான் அதிகாரிங்க முதல் நாளே சோதனை பண்ணி சீல் வச்சிடுவாங்க."

"முதல் நாள்னா?"

"வெள்ளிக்கிழமை மத்தியானம் மேடம்."

தோரா சட்டென்று நிமிர்ந்தாள். பிணம் கிடைத்தது வெள்ளிக்கிழமை காலை!

"அடப்பாவிகளா...! ஆத்துல தேடினேன், கக்கூஸ்ல தேடினேன்... அதிகாரிங்களே சீல் வச்சுப் பத்திரமா பாத்துக்கிட்டாங்களா?"

"மேடம்...?"

"கழட்டு! இப்பவே அந்தக் காரை..."

கதவு சாத்தப்பட்டது. இன்ஜின் அலறியது. நீலக் கார் சேற்றை வாரித் தோராவின் கோட்டில் அடித்துவிட்டுத் தொடக்கக் கோட்டுக்குப் பாய்ந்தது.

அங்கே சிவப்பு விளக்கு.

பச்சை!

முப்பதாயிரம் தொண்டைகள் ஒன்றாகக் கத்தின. ஐந்து கார்கள் முதல் வளைவுக்குள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நுழைந்தன. தார் முடிந்து சரளை வந்தது. சரளை முடிந்து தார். கண்ணாடிகள் பறந்தன. கொலை ஆயுதம் காரில் ஏறி உலகக் கோப்பைக்கு ஓடிக்கொண்டிருந்தது!

"அதைத் தூக்கிப் போட்டிருக்கலாமேய்யா? எதுக்குத் திரும்பக் கார்லயே மாட்டணும்?"

"போட்டா எடை குறையும் மேடம். இவ்வளவு கனத்துல வேற பலகை வாங்க இந்தக் காட்டுல கடையா இருக்கு? எடை குறைஞ்சா தகுதி நீக்கம். அப்புறம் பட்டம் ஏது?"

"அதாவது ஜெயிலுக்குப் போனாலும் பரவாயில்லை, கோப்பை வேணும்."

"ராலிகிராஸ்னா அப்படித்தான் மேடம்" என்றான் ஸிக்ஸ்டன் பெருமையாக.

"பேசாதே. வாய்ல சட்னி ஒழுகுது."

மூன்றாவது இடத்தில் இருந்த யோருன் ஜோக்கர் பாதைக்குள் திரும்பினாள். ஒவ்வொருவரும் ஒரு தடவை கட்டாயம் போக வேண்டிய சுற்றுவழி அது. முன்னால் போன இரண்டு பேரும் அதைக் கடைசிச் சுற்றுக்கு மிச்சம் வைத்திருந்தார்கள். அவர்கள் உள்ளே போய் வெளியே வருவதற்குள் நீலக் கார் முந்திக்கொண்டது.

ஜெயித்துவிட்டாள்!

தோரா ஓடினாள். சேற்றில், புகையில், கொட்டிய பியரில் சறுக்கிச் சறுக்கி ஓடினாள். எடை மேடைக்கு முன்னால் நீலக் காரை மறித்துக் கையை விரித்து நின்றாள்.

"நிறுத்துங்க! தராசுல ஏத்தக் கூடாது!"

"யாரும்மா நீ? இது என் இடம்" என்றாள் சோதனை அதிகாரி இங்கெலா. நரைத்த குட்டை முடி. சிரித்து ரொம்ப நாள் ஆன முகம்.

"போலீஸ். அந்த எடைப் பலகை எனக்கு வேணும்."

"எடை போட்டதும் எடுத்துக்கங்க."

"இப்பவே வேணும்."

"இப்ப எடுத்தா எடை குறையும். குறைஞ்சா தகுதி நீக்கம். எடுத்தது போலீஸா, பாதிரியாரான்னு என் விதி பாக்காது."

ஹால்வார் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"என்ன... என்ன பிரச்சினை?"

"உங்க தம்பி மாதிரி ஸ்வெர்ரே இருந்தானே... அவன் மண்டையைப் பிளந்த இரும்பு உங்க கார்ல இருக்கு."

ஹால்வாரின் சிவந்த முகம் வெளுத்தது.  பிறகு மெல்லிய குரலில் கேட்டார்.

"எடை... போட்டுட்டு எடுத்துக்கக் கூடாதா?"

சீ! என்ன ஜென்மம் இது!

தோரா ஒரு மெக்கானிக்கிடமிருந்து ஸ்பானரையும் கம்பி வெட்டியையும் வாங்கிக்கொண்டாள். காரின் கதவைத் திறந்தாள். யோருன் ஹெல்மெட்டோடு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். டிரைவரோடு சேர்த்துத்தானே எடை!

"ஹால்வார், ஒரே ஒரு கேள்வி. வெள்ளிக்கிழமை காலையில இதைக் கார்ல பூட்டினது யாரு? சொன்னீங்கன்னா எடை போட்டு முடிக்கிற வரைக்கும் இதைத் தொட மாட்டேன். சொல்லலைன்னா இப்ப இந்தக் கம்பியை அறுப்பேன்."

"எனக்குத் தெரியாது..."

"அப்படியா?"

கம்பி வெட்டியை ஈய முத்திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள்.

"சத்தியமா தெரியாது! ஐயோ, முப்பது வருஷம்! முப்பது வருஷக் கனவு! அறுக்காதீங்க..."

"ஒண்ணு..."

"இன்ஸ்பெக்டர்!"

"ரெண்டு..."

"நான்தான் பூட்டினேன்."

குரல் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து வந்தது!

தோராவின் கை நின்றது. ஹால்வார் மகளையே வெறித்தார்.

"யோருன்... அப்பாவைக் காப்பாத்தறதுக்காகப் பொய்..."

"சும்மா இருங்கப்பா. உங்களை யாரு காப்பாத்தறா?" யோருன் ஹெல்மெட்டைக் கழற்றினாள். வெளிறிய முகம், கண்ணுக்குக் கீழே கறுப்பு. குரலில் மட்டும் ஒரு நடுக்கமும் இல்லை. "நான்தான் அடிச்சேன். நான்தான் டயருக்குள்ள தள்ளினேன். துடைச்சு நான்தான் பூட்டினேன். போதுமா? வண்டியைத் தராசுல ஏத்துங்க."

"ஏன் கொன்னே?"

"அதைச் சொல்ல மாட்டேன்."

"கொலையையே ஒத்துக்கிட்டே. காரணத்தைச் சொல்ல என்ன?"

"காரணத்தைச் சொன்னா பட்டம் போயிடும்."

 தூரத்தில் யாரோ ஹார்ன் ஊதினார்கள். பருவத்தில் எங்கோ இவள் தில்லுமுல்லு பண்ணியிருக்கிறாள். ஸ்வெர்ரே கண்டுபிடித்து, அதிகாரிகளிடம் சொல்லப் போவதாகச் சொல்லியிருக்கிறான். தோராவுக்குப் புரிந்தது. அங்கே நின்ற அத்தனை பேருக்கும் புரிந்தது. 

"அவன் உனக்குக் காரோட்டக் கத்துக் கொடுத்தவன்டி..." என்று முனகினார் ஹால்வார்.

"வாக்குக் கொடுத்தீங்க இன்ஸ்பெக்டர். எடை போடுங்க. அப்புறம் விலங்கு மாட்டுங்க, கோப்பையோட ஜெயிலுக்கு வரேன்."

தோராவுக்கு அவளைத் தொடவே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் வாக்கு வாக்குதான். விலகி நின்றாள்.

நீலக் கார் மேடையில் ஏறியது. யோருன் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள். சிவப்பு எண்கள் ஓடின... நின்றன.

இங்கெலா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

"இறக்கி மறுபடி ஏத்துங்க."

இறக்கினார்கள். ஏற்றினார்கள். அதே எண்!

"முன்னூறு கிராம் குறையுது. தகுதி நீக்கம்."

"பொய்!" யோருனின் அலறல் மரங்களுக்கு அந்தப் பக்கம் வரை கேட்டது. கொலையைச் சொன்னபோது நடுங்காத குரல் இப்போது கிழிந்தது. "பலகை இருக்கு! சீல் இருக்கு! வெள்ளிக்கிழமை இதே தராசுல ஒண்ணரைக் கிலோ கூடவே இருந்துச்சு!"

"வண்டியில குறை இல்லை" என்றாள் இங்கெலா. "நீ எவ்வளவு இருக்கே?"

ஹால்வார் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"மூணு நாளா சரியாவே சாப்பிடலை. சாப்பிட்டதும் தங்கலை, எல்லாம் வாந்தி. ஸ்வெர்ரே போன துக்கம்னு நினைச்சேன்..."

"ஏன் ஹால்வார், டிரைவர் எடை குறைஞ்சா அதிகாரிங்களைக் கூப்பிட்டு சின்ன இரும்புத் துண்டு ஏதாவது சேக்கலாம்ல?" என்று கேட்டாள் தோரா.

"சேக்கலாம். தினமும் காலையில அவளை நிக்க வச்சு எடை பாத்து, கணக்குப் போட்டுச் சேக்கறதுக்குன்னே ஒரு ஆள் வச்சிருந்தேன்."

"யாரு?"

ஹால்வார் குனிந்து தன் நெஞ்சைப் பார்த்தார். அவர் மாட்டியிருந்த டி-ஷர்ட்டில் அந்த ஆள் சிரித்துக்கொண்டிருந்தான்.

தோரா கம்பியை அறுத்தாள். போல்ட்டுகளைக் கழற்றினாள். மேல்பக்கம் பளபளவென்று துடைத்திருந்தது. ஓட்டைக்குள்ளே மட்டும் காய்ந்த ரத்தம். அதில் ஒட்டிக்கொண்டு ஒற்றை முடி. பார்த்தவுடன் பைக்குள் போட்டுக் கட்டினாள்.

விலங்கு மாட்டியபோது யோருன் கையை மட்டும் நீட்டினாள். கண்ணை அந்த எண்களை விட்டு எடுக்கவே இல்லை. முன்னூறு... முன்னூறு... என்று முனகிக்கொண்டே ஜீப்பில் ஏறினாள்.

ஸிக்ஸ்டன் கையிலிருந்த மிச்ச சாசேஜைத் தூக்கிப் பார்த்துப் பெருமூச்சு விட்டான்.

"ஒரு தட்டு சாசேஜ் வயித்துல நின்னிருந்தா உலகச் சாம்பியன், மேடம்!"

தோரா கோட்டிலிருந்த சேற்றை வழித்து எறிந்தாள்.

"கொலை பண்றவங்களுக்கு மனசாட்சி இருக்கோ இல்லையோ... நல்ல ஜீரணம் இருக்கணும்!"