மதகரி

வியாழனைச் சுற்றும் பனிநிலவில், வெண்தரைக் குடியிருப்பில், தெரு விரிசல் விட்டால் யாரும் அலறுவதில்லை. வீட்டைப் பிக்கப் வண்டியில் மாட்டி அடுத்த தெருவுக்கு இழுத்துப் போவார்கள். அங்கே எல்லா வீடும் சக்கரம் வைத்த இழுவீடுதான். சுவாசிக்கும் காற்று உட்பட எல்லாம் அதற்குள்ளேயே; வெளியே இறங்கினால் ரேடியோ வைத்த காற்றுடை.

இந்த முறை ஊர் முழுவதும் விரிசல் ஓடியது. பனித்தரைக்கு அடியில் இருந்த கடல் சூடேறிக்கொண்டிருந்தது. எல்லோரும் வடக்கே பாறைமேட்டுக்குப் போய்விட வேண்டும் என்று அறிவித்தார்கள்.

மாடக்கண்ணுவின் பழைய வண்டி அவ்வளவு தூரம் தாங்காது. மனைவி உமையாளோடு வண்டிக்கடைக்குப் போனான். விற்பனை எந்திரன் இரண்டு வண்டிகளைக் காட்டியது. சிறியது அவர்கள் வீட்டை மெதுவாக இழுக்கும். மற்றது ‘மதகரி’, வாசலை அடைத்துக்கொண்டு நின்றது.

“நமக்குச் சின்னதே போதும்ங்க” என்றாள் உமையாள்.

“பக்கத்து வீட்டு ஞானசிகாமணி மதகரி எடுத்துட்டான். பிள்ளைய வச்சுக்கிட்டுப் போறோம். பெருசுதான் பத்திரம்.”

உமையாள் எந்திரனிடம் திரும்பினாள். “இது ரொம்பக் கனமா இருக்கே?”

“கனம் இல்லாவிட்டால் இழுக்கும்போது சக்கரம் வழுக்கும், அம்மா.”

“பனி தாங்குமா?”

“ஒரு மதகரியைத் தாராளமாகத் தாங்கும்.”

மாடக்கண்ணு சிரித்தான். “நாம வாங்கப்போறதும் ஒண்ணுதானே!”

கிளம்பிய அன்று, பாதை முழுவதும் மதகரிகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றன. கீழே பனி முனகியது. மாடக்கண்ணு தன் மதகரியை விலக்கப் பார்த்தான், இடமில்லை. முன்னால் ஞானசிகாமணியின் வண்டி சாய்ந்தது. வீட்டோடு, சத்தமில்லாமல், கறுப்பு நீருக்குள் போனது.

“இறங்குங்க! வீட்டுக்குள்ள ஓடுங்க!” உமையாள் கொக்கியைக் கழற்றினாள். மகளைத் தூக்கிக்கொண்டு மாடக்கண்ணு வீட்டுக்குள் பாய்ந்தான். உமையாள் ஏறிக் கதவை அடைத்ததும் மதகரி தனியாக மூழ்கியது.

பின்னால் ஒரு சின்ன வண்டி வந்து நின்றது. ஓட்டி வந்தவள் ஊரில் காளான் பண்ணை நடத்தும் ரெஜினாள். அவள் வண்டி இரண்டு சுமையை இழுக்காது. தன் பண்ணைப் பெட்டியைக் கழற்றிப் பனியிலேயே விட்டாள்.

“காளான் போனாப் போகுது” என்று கத்தியபடி அவர்கள் வீட்டை மாட்டினாள். பாதையை விட்டு விலகி, ஊர்ந்து ஊர்ந்து மேட்டில் ஏற்றினாள். பாதையில் நின்றவர்களில் பாதிப் பேர் வந்து சேரவில்லை.

தப்பியவர்கள் அழுது ஓய்ந்தபின், மேட்டில் புதிய வண்டிக்கடை திறந்தது. இங்கேயும் பாறை சில அடி ஆழம்தான். அதன் கீழே மறுபடியும் பனி. உமையாள் எந்திரனிடம் சின்ன வண்டி கேட்டாள்.

“அது இப்போது தயாரிப்பில் இல்லை, அம்மா. விபத்துக்குப் பிறகு எல்லோரும் மதகரியைவிடப் பெரியதாகக் கேட்கிறார்கள்.”

அந்தப் பெரிய வண்டிக்கான வரிசையில் முதல் ஆளாக ரெஜினாள் நின்றிருந்தாள்.

“நீயுமாக்கா?”

“பின்ன என்னம்மா? அன்னைக்குப் பெரிய வண்டி இருந்திருந்தா என் பண்ணையையும் சேத்துல்ல இழுத்திருப்பேன்!”