இரண்டு பைட் மிச்சம்

"சார், அலாரம் வரியை நான் தொடவே இல்ல. சத்தியமா!"

துப்பறிவாளரின் அறையில் நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே புரோகிராமர் கொட்டித் தீர்த்துவிட்டாள். நேற்று ஆலையின் முதல் கொதிகலனில் அழுத்தம் எல்லை மீறியது, அலாரம் அடிக்கவில்லை. ஒருவருக்குக் கை வெந்துபோனது. கம்ப்யூட்டரில் அந்த அலாரத்தை இயக்கும் புரோகிராமைக் கடைசியாகத் திருத்தியவள் இவள். மாலைக்குள் பதில் சொல்லாவிட்டால் வேலை போகும், போலீஸும் வரும். சொந்த அண்ணனே இரண்டாம் கொதிகலனில் வேலை பார்க்கிறான். அவன் முகத்தில் எப்படி விழிப்பது?

"எவனோ அந்த வரியை அழிச்சிருக்கான் அத்தான்!" என்று துள்ளினான் துப்பறிவாளரின் மச்சான்.

"அவசரக்குடுக்கை! வரி அப்படியே இருக்கு, பாரு." துப்பறிவாளர் அவள் நீட்டிய புரோகிராம் தாளில் விரலை ஓட்டினார். "நீங்க எதைம்மா மாத்தினீங்க?"

"புரோகிராம் மெமரியில பிடிக்கிற இடத்தைக் குறைக்கச் சொன்னாங்க. ரெஜிஸ்டர்ல, அதான் கம்ப்யூட்டர் கணக்குப் போடுற எண்ணை வச்சிருக்கிற இடத்துல, பூஜ்யம் ஏத்துற கட்டளைக்கு நாலு பைட். அதுக்குப் பதிலா ரெஜிஸ்டரை அதுலேர்ந்தே கழிச்சேன். ரெண்டே பைட்! விடை அதே பூஜ்யம்தான் சார்." அந்தப் பயத்திலும் அவளுக்குக் கொஞ்சம் பெருமை.

"சோதிச்சீங்களா?"

"அலாரம் வீணா அடிக்கலைன்னு பாத்தேன்."

"அடிக்க வேண்டிய நேரத்துல அடிக்குதான்னு?"

அவள் குனிந்து தாளைப் பார்த்தாள்.

"மூணே வரிம்மா. முதல் வரி அழுத்தத்தை எல்லையோட ஒப்பிட்டு, 'அதிகம்'னு ஒரு குறி வைக்குது. மூணாவது வரி அந்தக் குறியைப் பாத்துதான் அலாரத்துக்குப் போகும். நடுவுல உங்க வரி. பழைய கட்டளை குறியைத் தொடாது. கழித்தல் விடுமா? 'அதிகம்'ங்கிற குறியை அழிச்சு, 'விடை பூஜ்யம்'னு அது மேலயே எழுதிடும். அப்புறம் அலாரம் எப்படி அடிக்கும்?"

எவனையோ பிடித்துத் தரச் சொல்லி வந்தவள், தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஐயோ, நானா? அந்தக் கை வெந்தது என்னாலா?

"வேற எங்கெல்லாம் இப்படி மாத்தினீங்க?"

"நாலு கொதிகலனுக்கும்... முதலாவதை நிறுத்திட்டாங்க. மத்த மூணும் இப்ப ஓடுது!"

அவள் மேஜையிலிருந்த போனைப் பாய்ந்து எடுத்தாள். "இருங்கக்கா, ஒத்துக்கிட்டா வேலை போயிடுமே!" என்றான் மச்சான். அவள் காதிலேயே வாங்கவில்லை. எண்ணை இரண்டு தடவை தப்பாக அழுத்தினாள்.

"அண்ணா, நான்தான்! அழுத்தம் காட்டுற முள் எங்க நிக்குது?"

"எல்லைக்குக் கொஞ்சம் மேலதான் இருக்கு," அண்ணன் சிரித்தான். "அதுக்கு ஏன் இப்படிப் பதறுறே? அலாரம்தான் அடிக்கலையே!"

"அடிக்காது அண்ணா! நான்தான் கெடுத்துட்டேன். எல்லாரையும் கூட்டிக்கிட்டு வெளிய ஓடு!"