கரி படிந்த வலை

ஞாயிறு மாலை சங்கிலிமுத்து பித்தளை பிரஷ்ஷால் தேய்த்து, பெட்ரோலில் அலசி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து மாட்டிய கம்பி வலை, திங்கள் காலை கறுத்திருந்தது.

தோளில் மாட்டிப் புல்வெட்டும் எந்திரத்தின் சைலன்சருக்குள், தீப்பொறி வெளியேறாமல் தடுப்பது அந்த வலை. அச்சங்குளத்துப் பட்டாசுத் தொழிற்சாலையில், ஆட்கள் இல்லாத ஞாயிறன்று மட்டுமே எந்திரத்தை இயக்க அனுமதி. வேலை முடிந்ததும் டேங்கை வடித்து, ஏர் ஃபில்டரை உதறி, ஸ்பார்க் பிளக்கைத் துடைத்து, எந்திர அறையைப் பூட்டுவது அவன் வழக்கம். டேங்க் இப்போதும் காலியாகவே இருந்தது. ஆயினும் சைலன்சரில் இளஞ்சூடு. அறை முழுவதும் எரிந்த ஆயிலின் வாடை.

காவலாளி கருத்தப்பாண்டியின்மேல் சந்தேகம் விழுந்தது.

“ஏலே, ராத்திரி மிசின எடுத்தியா?”

“சாவி ஒங்க அரைஞாண் கயித்துல தொங்குது. நான் எடுக்கணும்னா மொதல்ல ஒங்க வேட்டியவில்ல அவுக்கணும்!”

அவன் சிரித்த சிரிப்பில் கள்ளம் இருந்ததாகவும் தோன்றியது, இல்லாததாகவும் தோன்றியது.

பிறகுதான் புல்லைக் கவனித்தான். போன சீசனில் வெடித்துச் சிதறிய அறையின் அடித்தளத்தைச் சுற்றி யாரும் கால் வைப்பதில்லை. அவனும் அங்கே வெட்டியதில்லை. இடுப்பளவு காய்ந்து நின்ற அந்தப் புல்லில், எந்திரத்தின் வீச்சு அகலத்துக்கு ஒரு தடம் கரிந்த தரையிலிருந்து புறப்பட்டு, வெடிமருந்து கலக்கும் அறையை நோக்கிப் பாதித் தூரம் வந்து நின்றிருந்தது. அவன் மனைவி பொன்மணி வேலை செய்யும் அறை அது.

செவ்வாயன்று தடம் நீண்டிருந்தது. வலையில் புதுக் கரி.

அன்று மாலை பிளக்கைக் கழற்றி வீட்டுக்கே கொண்டுபோனான்.

வலையையும் தடத்தையும் பற்றிச் சொல்லி, “நாளைக்கு நீ வேலைக்குப் போகாத” என்றான்.

“சீசன் நேரத்துல லீவா? வேற ஆளப் போட்டுருவாக” என்றாள் பொன்மணி. “நம்ம மிக்ஸிய ஒருநா தொடச்சிருக்கீகளா? அந்த மிசினுக்கு மட்டும் அம்புட்டுப் பக்குவம். இப்ப அதுமேலயே சந்தேகமாக்கும்!”

புதனன்று, பிளக் இல்லாத எந்திரத்தின் வலை மீண்டும் கறுத்திருந்தது. தடத்துக்கும் கலக்கும் அறையின் படிக்கும் இடையே சில வீச்சுகளே மிச்சம். போர்மேனிடம் முறையிட்டான்.

“கருத்தப்பாண்டி ஆட்டுக்கு அறுத்திருப்பான்யா. போய் வேலையப் பாரும்.”

திருடன் யாராயினும் எந்திரத்துக்காக இந்த எந்திர அறைக்குத்தான் வரவேண்டும். சங்கிலிமுத்து அதன் எதிரே உட்கார்ந்தான்.

உச்சிவெயில். கைக்குள் பிளக்.

எந்திரத்தைக் கிளப்பும் கயிறு இழுபடும் ஓசை கேட்டது. மறுபடியும். பிறகு அவனுக்குப் பழகிய உறுமல்.

எதிரே, கொக்கியில், எந்திரம் அசையாமல் தொங்கியது.

உறுமல் வெளியே கேட்டது.

ஓடினான். தடத்தின் முனையில் யாருமில்லை. புல் மட்டும் விழுந்துகொண்டிருந்தது. இடம். வலம். சீராக.

“பொன்மணி! வெளிய வா!”

உறுமல் குரலை விழுங்கியது. திறந்த கதவுக்குள், வெள்ளிநிற அலுமினியப் பொடி படிந்த அவள் கைகள் சல்லடையை அசைத்துக்கொண்டிருந்தன.

பிளக் சுட்டது. விரல்கள் விரிய மறுத்தன.

கடைசிப் புல் சாய்ந்தது.

படிக்கு மேலே. வெறுங்காற்றில். இடுப்பு உயரத்தில்.

ஒரு சிவந்த பொறி.