கடிபட்ட பாசி

கச்சான் காற்று எழும்ப ஆறே நாள்தான் இருந்தது. எழும்பிவிட்டால் யாரும் பாறைப் பக்கம் போக முடியாது. அதற்குள் புது விதைப்பாசி கிடைக்காவிட்டால் நம்புசெல்வி கடலில் மிதக்கவிட்டுப் பாசி வளர்க்கும் பன்னிரண்டு தெப்பங்களும் இந்த வருடம் வெறும் மூங்கில்தான். தெப்பக் கயிறுகளில் அவள் கட்டியிருந்த கஞ்சிப்பாசியை ஓரா மீன்கள் ஒரே வாரத்தில் மொட்டையடித்திருந்தன. மிச்சத்தின்மேல் ஒட்டுப்பாசி படர்ந்து அழுகவைத்துவிட்டது.

விடிந்ததும் அவளும் அவள் அண்ணன் மனைவி ராக்கும் வல்லமேறிக் கொம்புப் பாருக்குக் கிளம்பினார்கள். கடலடியில் நீண்டு கிடக்கும் அந்தப் பாறை மேட்டில் நீரோட்டம் பொல்லாதது. ஊரார் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. ராக்கு நல்ல நீச்சல்காரி, வாய் அதைவிட வேகம். ஓட்டம் திரும்ப இரண்டு மணி நேரம்தான் என்று வழியெல்லாம் எச்சரித்துக்கொண்டே வந்தாள்.

விரல்களில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி இருவரும் முங்கினார்கள். பாறை இடுக்கு ஒன்றில் கஞ்சிப்பாசி தளதளவென்று நின்றது. விதைக்கு இளசாக, காயமில்லாத நுனியாகப் பார்த்துக் கிள்ளுவதுதான் அவர்கள் வழக்கம். பை நிரம்பியது. நம்புசெல்விக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை.

மேலே வரும்போது பையிலிருந்து ஒரு கொத்து நழுவியது. எங்கிருந்தோ வந்த ஓராக்கள் இமைக்கும் நேரத்தில் அதைத் தின்று தீர்த்தன! பிறகு திறந்த பாறையில் நின்ற கஞ்சிப்பாசியிடம் போயின. அது தடித்து, கன்றிப்போய், உடம்பெல்லாம் பல் தடமாக இருந்தது. ஒரு மீன் கடித்தது, உடனே துப்பியது. கூட்டமே விலகிப்போனது. தன்மேல் ஒட்டவந்த பாசியையும் அந்தக் கஞ்சிப்பாசி மெல்லிய தோலோடு உரித்து உதிர்த்துக்கொண்டிருந்தது.

நம்புசெல்வி தன் பையைப் பார்த்தாள். இடுக்குக்குள் மீன் நுழைய முடியாது. அங்கே வளர்ந்தது எதிரியையே பார்த்ததில்லை. திறந்த பாறையில் நிற்பதோ கடிபடக் கடிபடத் தனக்குள் கசப்பை ஊறவைத்துக்கொண்டிருக்கிறது. வல்லத்தருகே வந்தவள் பையை அப்படியே கடலில் கவிழ்த்தாள்.

"பித்துப் பிடிச்சிருச்சாடி? ஓட்டம் திரும்பிருச்சு பாரு" என்று பதறினாள் ராக்கு.

"இதக் கட்டுனா மறுபடியும் மீனுக்குத்தான் விருந்து மயினி. கடிபட்டதுல அரைப் பை போதும், நீ கயித்தப் பிடி."

இடுப்பில் கயிற்றோடு மறுபடி முங்கினாள். ஓட்டம் அவளைப் பாறையில் மோதி முழங்காலைக் கிழித்தது. ஆனாலும் கையைப் பாசியிலிருந்து எடுக்கவில்லை. அரைப் பை சேர்ந்ததும் ராக்கு திட்டிக்கொண்டே இழுத்து வல்லத்தில் போட்டாள்.

அது நான்கு தெப்பத்துக்குத்தான் வந்தது. ஆனால் கட்டிய இருபத்தைந்தாம் நாள் கயிறெல்லாம் ஒரு சாண் பாசி! பூரித்துப்போன ராக்கு மீன் அண்டாமலிருக்கத் தெப்பத்தைச் சுற்றி வலை கட்டத் தொடங்கினாள். நம்புசெல்வி ஒரு பக்கத்தை அவிழ்த்துவிட்டாள்.

"ஒன்னு ரெண்டு கடி படட்டும் மயினி. நோகாம வளத்தா கசக்க மறந்துரும்."

ராக்கு குனிந்து அடுத்த முடிச்சைத் தானே அவிழ்த்தாள்.