காலி கேரியர்

'முடியாது என்று ஒரே ஒரு தடவை சொல்லிப் பார்த்தால் என்ன? குடியா முழுகிவிடும்?'

தெய்வநாயகி இப்படி நினைத்துக்கொண்டிருக்கும்போதே அவள் கை நீண்டு அந்தத் துணியை வாங்கிக்கொண்டது. அவள் கை எப்போதும் அப்படித்தான். மனம் ஒரு வார்த்தையைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் கை சம்மதித்துவிடும்.

"கொழந்த மொத மொதல்ல படுத்த துணி, நர்ஸம்மா. தோய்க்கக் கூடாது. தோச்சா பலிக்காது" என்றாள் குப்பம்மா. பிரசவமாகி நான்கு நாள்தான் ஆகியிருந்தது. பாயில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். "தலைமாட்ல வச்சிகினு படுங்க. அடுத்த தீவாளிக்குள்ள ஒங்களுக்கும் ஆவும்."

வாசலில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்த அவளுடைய நாத்தனார் மாரியம்மா சிரித்தாள். "ரெண்டே போதும்னு எங்களுக்கு போர்டு வச்சிகினு சொல்லுது. அதுக்கு ஒண்ணுக்கே வழியக் காணோம்."

"சும்மா கெட, மாரி."

தெய்வநாயகியும் சிரித்தாள். சிரிப்பதற்கும் அவளுக்கு யார் சம்மதமும் தேவைப்பட்டதில்லை, தன்னுடையதுகூட. துணி பழைய வேட்டிக் கிழிசல். விளக்கெண்ணெயும் பச்சை உடம்பு வாசனையும் அதில் ஊறியிருந்தன. அதை மடித்து ஒரு சின்ன மூட்டையாக சைக்கிளின் பின் கேரியரில் கட்டிக்கொண்டு கிளம்பினாள்.

சனிக்கிழமை. செங்கல்பட்டில் கணவன் வீட்டுக்குப் போகிற நாள். போன சனிக்கிழமை உலகநாதன் சோற்றைப் பிசைந்துகொண்டே, அவளைப் பார்க்காமல் சொன்னான்: "தை வரைக்கும் பாக்கலாம்னு அம்மா சொல்லுது. அப்புறம் செய்யூர்ல மாமா பொண்ணு கீதாம்." கல்யாணமாகி ஏழு வருடம் ஆகியிருந்தது. அதற்கும் அவள் "சரி" என்றுதான் சொன்னாள். இரவெல்லாம் அந்தச் 'சரி' தொண்டையில் மீன்முள்ளாய் நின்றது.

சதுரங்கப்பட்டினத்துக்கு மேற்கே இருந்த அந்தக் கிராமத்திலிருந்து செங்கல்பட்டுக்கு இரண்டு வழி. பஸ் ஊரைச் சுற்றிக்கொண்டு போகும். இன்னொன்று காப்புக்காட்டுக்குள் மலையேறி இறங்கும் சரளை ரோடு. கல்பாக்கத்தில் கட்டட வேலை ஆரம்பித்துப் புதுத் தார் ரோடு வந்ததும் லாரிகள் அதைக் கைவிட்டன. இப்போது சைக்கிள்காரர்கள் மட்டும்தான், அதுவும் எப்போதாவது.

அவளுக்கு அந்த ரோடு பிடிக்கும். சக்கரத்துக்கடியில் சரளை நெறுநெறுவென்று அரைபடும் சத்தம் பிடிக்கும். வாரத்தில் அந்தச் சில மணி நேரம்தான் யாரும் அவளிடம் எதுவும் கேட்பதில்லை.

மலையடிவாரத்தில் புங்கமரத்தடியில் காத்தவராயனின் பஞ்சர் கடை. பக்கத்தில் ஒரு கல் குவியல். முதல் தடவை அவள் வந்தபோதே காத்தவராயன் ஒரு கல்லைத் தூக்கி அவள் கேரியரில் வைத்துக் கயிற்றால் கட்டினார்.

"இன்னாத்துக்குங்க இது?"

"காலி கேரியரோட இந்த மலைல யாரும் போறதில்ல, நர்ஸம்மா. அந்தாண்ட எறங்கினா அங்க ஒரு குவியல் கீது. அதுல போட்ருங்க. அங்கேர்ந்து வர்றவன் ஒண்ணு எட்த்துகினு வருவான்."

"காலியா போனா?"

அவர் பம்பைத் துடைத்துக்கொண்டே மெல்லத்தான் சொன்னார். "பஸ்ஸு இல்லாத காலம். ஒருத்தன் பொண்டாட்டிக்கு வலி கண்டு, கேரியர்ல ஒக்கார வச்சி ஆஸ்பத்திரிக்கு மிதிச்சிகினு போனான். நல்ல உச்சி வெயிலு. எறக்கத்துல வண்டி லேசா போவுதேன்னு திரும்பிப் பாத்தா, கேரியர் காலி. ஓடிப் போய் தேடினாங்க. பொண்ணு கெடச்சுது."

"உயிரோடயா?"

"இல்ல." பம்பைக் கீழே வைத்தார். "வயித்துல இருந்தது கெடைக்கவேயில்ல."

அன்றிலிருந்து அவளும் கல் கட்டிக்கொண்டுதான் போனாள். நம்பிக்கையா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கட்டச் சொன்னார்கள், கட்டினாள்.

இன்று கடையில் அவர் இல்லை. சாப்பிடப் போயிருக்க வேண்டும். தெய்வநாயகி குவியலிலிருந்து ஒரு கல்லை எடுத்தாள். கேரியரில் துணி மூட்டை இருந்தது. பிறந்த குழந்தை படுத்த துணியின்மேல் கல்லை வைக்க அவளுக்கு மனம் வரவில்லை. கேரியர்தான் காலியாக இல்லையே என்று எண்ணிக் கல்லைத் திரும்பப் போட்டாள்.

ஏற்றத்தில் இறங்கித் தள்ளினாள். களாப் புதர்களும் வெள்வேல மரங்களும் இரண்டு பக்கமும் வெயிலில் சுருண்டு நின்றன. நிழல் காலடியிலேயே ஒடுங்கிக் கிடந்தது. மேலே, கணவாயில் நின்று திரும்பிப் பார்த்தால் கிழக்கே கடல் ஒரு வெள்ளிக் கம்பியாகத் தெரியும். எப்போதும்போல் பார்த்தாள். கவுதாரி ஒன்று கத்திக்கொண்டிருந்தது. சில்வண்டுகள் இரைந்துகொண்டிருந்தன.

ஏறி உட்கார்ந்தாள்.

சில்வண்டுகள் நின்றன.

கேரியரின் வில் க்ரீச்சென்று அமுங்கியது. அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும். பக்கவாட்டில் ஒரு பெண் ஏறி உட்காரும்போது எழுகிற சத்தம். முன்சக்கரம் லேசானது. கைப்பிடி ஒரு பக்கமாக இழுத்தது.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

இறக்கம்தான். மிதிக்கவே வேண்டாம். ஆனால் வண்டி நகரவில்லை. மிதித்தாள். ஏற்றத்தில் மிதிப்பதுபோல் தொடை கனத்தது. விளக்கெண்ணெய் வாசனை வந்தது. அதற்குக் கீழே இன்னொரு வாசனை. எத்தனையோ அறைகளில் எத்தனையோ பாய்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவள் பழகிய, சூடான இரத்த வாசனை.

"மெதுவா போங்க, நர்ஸம்மா." முதுகுக்குப் பின்னால், காதுக்கு மிக அருகில். "கல்லு தூக்கிப் போடுது."

வலியில் துடிப்பவர்களிடம் பேசும் குரல் தானாக வந்தது. "எங்க போகணும்?"

"ஆஸ்பத்திரிக்கு."

மிதித்தாள். வளைவில் ஒரு பாறை. பாறையில் சுண்ணாம்பு அடித்த ஒரு பழைய அம்புக்குறி. அடுத்து புற்று. அடுத்து நேர் பாதை. பாதை முடியும் இடத்தில் கல் குவியல் தெரிய வேண்டும்.

தெரியவில்லை. வளைவு. பாறை. அம்புக்குறி.

சரளையில் ஒரு சக்கரத் தடம் அவளுக்கு முன்னால் போயிருந்தது. டயரில் காத்தவராயன் போட்ட ஒட்டு, தடத்தில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு சதுரமாகப் பதிந்திருந்தது.

அவளுடைய தடம்.

வேகமாக மிதித்தாள். புற்று. நேர் பாதை. வளைவு. இப்போது தடங்கள் இரண்டு, ஒன்றன்மேல் ஒன்றாக. அப்புறம் எண்ண முடியவில்லை. பாதை முழுக்கச் சதுரம் சதுரமாக ஒட்டுப் பதிந்து கிடந்தது, அவள் காலம் முழுவதும் இந்த ஒரே இறக்கத்தில்தான் போய்க்கொண்டிருந்தவள்போல. நிழல் மட்டும் நகரவேயில்லை. காலடியிலேயே இருந்தது.

இறங்கி ஓடலாமா? கால் மிதிகட்டையை விட்டு வரவில்லை. யாரும் கட்டிப்போடவில்லை. வராது என்பது மட்டும் தெரிந்தது. பயத்துக்கு நடுவில் அவளுக்கு விசித்திரமாக ஒன்று தோன்றியது. இது புதிதல்ல. மாமியார் வீட்டு அடுப்படியிலும் அவள் இப்படித்தான் நின்றிருக்கிறாள். கதவு திறந்தே இருக்கும்.

"ஆஸ்பத்திரி வந்துட்ச்சா?"

"வரல."

"எனக்குத் தெரியும். வராது." அந்தக் குரலில் அழுகை இல்லை. களைப்புத்தான் இருந்தது. "நான் போவ முடியாது. இது மட்டுமாச்சும் போவட்டும். நீதான் பாய் விரிச்சி வச்சிகினு வந்துகிறியே."

அவளுக்கு இப்போதுதான் புரிந்தது. கல்லின் இடத்தில் துணியைக் கட்டியிருந்தாள். வேறு எதையும் அல்ல, குழந்தை படுக்கும் துணியை.

"ஒனக்குத்தான் இல்லயே. எட்த்துக்கிறியா?"

வெயில் கண்ணுக்குள் வெளுத்தது. அந்தக் கேள்வியை இதற்கு முன் இவ்வளவு மென்மையாக யாரும் அவளிடம் கேட்டதில்லை. தை மாதம். செய்யூர்ப் பெண். சோற்றைப் பிசைகிற விரல்கள். ஒரு குழந்தையின் தலை தன் முழங்கையில் எப்படிக் கனக்கும் என்பது அவளுக்குத் தெரியும். எத்தனை குழந்தைகளை அப்படி ஏந்தி, துடைத்து, பிறகு வேறொருத்தியின் பக்கத்தில் கிடத்தியிருக்கிறாள்.

"சரி" என்றாள்.

பயத்தில் சொன்னாளா, ஆசையில் சொன்னாளா என்று அவளுக்கே தெரியவில்லை.

கேரியரின் வில் மெல்ல உயர்ந்தது. ஆனால் முழுவதும் உயரவில்லை. சில்வண்டுகள் ஒரே நேரத்தில் இரைய ஆரம்பித்தன. வளைவுக்கு அப்பால் கல் குவியல் தெரிந்தது, அதற்கும் அப்பால் வயல், மனிதர்கள், ஒரு மாட்டுவண்டி.

அவள் எங்கும் நிற்கவில்லை. நின்று துணியை அவிழ்த்து எறியக் கை வரவில்லை. பின்னால் இருந்தது என்ன எடை என்று யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவள் கைக்குத் தெரியும்.

செங்கல்பட்டு வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. ஏரிப் பக்கமிருந்து காற்று வந்தது. உலகநாதன் வாசலில் நின்றிருந்தான். படி ஏற்றுவதற்காக சைக்கிளைப் பிடித்தவன் முகம் சுளித்தான்.

"இன்னா கட்டிகினு வந்த? பின்னால கனக்குது?"

அவன் வண்டியைப் படிக்குக் கீழேயே சாய்த்துவிட்டு உள்ளே போனான். மாமியார் கன்னியம்மா விளக்கேற்றி முடித்து வாசலுக்கு வந்தாள். அவளுக்குக் காது கூர்மை.

"பூனக்குட்டி எதுனா தூக்கினு வந்தியாடி? மொனகுது."

"இல்ல அத்தை. துணி. குழந்தை படுத்த துணி. குப்பம்மா குடுத்தா."

மாமியாரின் முகம் மலர்ந்தது. கல்யாணத்துக்குப் பிறகு அந்த முகம் தன்னைப் பார்த்து மலர்ந்ததாக தெய்வநாயகிக்கு நினைவில்லை.

"இப்பத்தான் ஒனக்கு புத்தி வந்துகீது. அத்த இன்னாத்துக்கு தெருவுல வுட்டு வச்சிகீற? எட்த்துகினு உள்ள வா. தலைமாட்ல வச்சிப் படு."

மூட்டை மேல் துணி மெல்ல எழும்பித் தாழ்ந்தது. காற்றாக இருக்கலாம். ஆனால் பக்கத்து வீட்டுக் கொடியில் காய்ந்த புடவை அசையவில்லை.

"எட்த்துக்கோ" என்றது மலையில் கேட்ட அதே குரல், காதுக்கு மிக அருகில். "பசிக்கிது அதுக்கு."

அப்போதுதான் அவள் குனிந்து பார்த்தாள். ரவிக்கையின் முன்புறம் நனைந்திருந்தது. வியர்வை என்று நினைத்துத் தொட்டாள். விரல் பிசுபிசுத்தது. மார்பு இரண்டும் கட்டிக்கொண்டு வலித்தன. எத்தனையோ தாய்மார்களுக்கு அவள் ஆற்றச் சொல்லிக்கொடுத்த வலி. தனக்கு ஒருநாளும் வராத வலி.

உள்ளே கூப்பிடுகிறவளும் முதுகுக்குப் பின்னால் கெஞ்சுகிறவளும் ஒன்றையேதான் கேட்டார்கள். அவளுடைய கை, வழக்கம்போல், தானாக நீண்டது. மூட்டையின் முடிச்சைத் தொட்டது. துணிக்குள்ளிருந்து மிகச் சிறிய ஏதோ ஒன்று அவள் விரலைச் சுற்றிப் பிடித்தது.

சூடாக இருந்தது.

"இன்னாடி பூஜ பண்ணிகினு நிக்கற?" கன்னியம்மாவின் குரல் மாறியது. "இதையும் வாணாம்னா சொல்லிடு. நாளைக்கே நான் செய்யூருக்கு ஆள் அனுப்பிடறேன்."

தெய்வநாயகி விரலை இழுத்தாள். பிடி விடவில்லை. இன்னொரு தடவை, மெதுவாக, தூங்குகிற குழந்தையிடமிருந்து விடுவிப்பதுபோல் இழுத்தாள். விட்டது. விரலைச் சுற்றிச் சிவப்பாக ஒரு வளையம் நின்றது.

கீழே குனிந்து, வாசல் ஓரத்தில் மாட்டுக்கு முளை அடிக்க வைத்திருந்த கல்லை இரண்டு கையாலும் எடுத்தாள். பால் ரவிக்கையிலிருந்து கல்லின் மேல் சொட்டியது. கல்லைக் கேரியருக்கு நேராக, இன்னும் அதில் வைக்காமல், பிடித்துக்கொண்டு நின்றாள்.

கேரியரின் வில் க்ரீச்சென்று அமுங்கியது.

"அனுப்பிக்கோங்க அத்தை" என்றாள் தணிந்த குரலில். பிறகு தலையைக் கொஞ்சம் பின்பக்கம் சாய்த்து, வேறு யாருக்கும் கேட்காமல், "மாட்டேம்மா" என்றாள்.