மடிப்பில் ஒரு சத்தம்

மழைக்கு ஒதுங்கத்தான் அவள் அந்தக் கடைக்குள் நுழைந்தாள். சைக்கிள் வாங்கும் எண்ணமே இல்லை.

உள்ளே ஒருவன் குனிந்து ஒரு நீலச் சைக்கிளை இரண்டாக மடித்துக்கொண்டிருந்தான். ஹேண்டில் சுழன்று வந்து அவள் குடையைத் தட்டிவிட்டது.

"ஹலோ! ஆள் நிக்கிறது தெரியலையா?"

"பூனை மாதிரி வந்து நின்னா எப்படி மேடம் தெரியும்?"

அவன் நிமிர்ந்தான். அடுத்து என்ன திட்ட வந்தோம் என்பதே அவளுக்கு மறந்துபோனது. முகமெல்லாம் கிரீஸ் கறை... அதற்கு நடுவில் மழை கழுவிவிட்டது போல இரண்டு கண்கள்...

"வாங்க வந்தீங்களா, ஒதுங்க வந்தீங்களா?"

ஒதுங்க என்று சொல்ல ரோஷம் விடவில்லை. "வாங்கத்தான்."

"வேலைக்குப் போகவா, சும்மா சுத்தவா, ஊர் ஊராப் போகவா?"

"மூணுக்கும்!"

"பேராசைதான்!" என்று சிரித்தான்.

பதினாறு அங்குலச் சக்கரம் ரயிலில் காலடியில் அடங்கும். ஆனால் ஒவ்வொரு பள்ளமும் முதுகில் தெரியும். இருபது அங்குலம் ஓட்டச் சுகம், தூக்கக் கனம். சொன்னதோடு விடவில்லை. இரண்டையும் மடித்துக் கையில் கொடுத்து, பரணுக்குப் போகும் இரும்புப் படிகளில் ஏறி இறங்கச் சொன்னான். வீடு எத்தனையாவது மாடி? ரயிலில் உட்கார இடம் கிடைக்குமா? வேலைக்கு எடுத்தவர்கள்கூட அவளிடம் இத்தனை கேள்வி கேட்டதில்லை.

மழை விட்டபோது அந்த நீலச் சைக்கிள், இருபது அங்குலம், அவளுடையதாகியிருந்தது.

நான்காம் நாள் மறுபடி வந்து நின்றாள்.

"மடிக்கிற இடத்துல ஏதோ சத்தம் வருதுங்க."

அவன் கீலைக் கழற்றித் துடைத்து, கிரீஸ் வைத்து, காதைச் சட்டத்தோடு ஒட்டிக் கேட்டான். "எனக்கு ஒண்ணும் கேக்கலையே..."

"எனக்குக் கேக்குதே! ஆஸ்பத்திரியில காது டெஸ்ட் எடுக்கிறவ நான்."

"அப்போ நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றான் பாவமாக.

அடுத்த வாரமும் அதே சத்தம். அதற்கடுத்த வாரமும். ஓட்டிப் பார்த்தால்தான் பிடிபடும் என்று, ஒரு ஞாயிறு காலை ஏரிக்கரையில் அவளோடு பக்கத்தில் ஓட்டிவந்தான். அவன் காது மடிப்பின் பக்கம்... அவள் கண் அவன் பக்கம்... தூறல் விழுந்ததுகூட இருவருக்கும் தெரியவில்லை.

"சைக்கிளுக்கு என்னடி அப்படித் தீராத வியாதி?" என்றாள் அக்கா. "வாராவாரம் வைத்தியம் பாக்குறே!"

அவள் முகம் சிவந்து திரும்பிக்கொண்டாள்.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம், ஆஸ்பத்திரியில் அடுத்த சீட்டோடு உள்ளே வந்தது... அவன்.

"நீங்களா?"

"காதை டெஸ்ட் பண்ணணும் மேடம். சத்தத்தை வெச்சுத்தான் நான் வேலையே பாக்குறேன். உங்களுக்குக் கேக்கிறது எனக்குக் கேக்கலைன்னா, காது போயிடுச்சுன்னுதானே அர்த்தம்? வெளியூர்ல அண்ணன் கார் ஷோரூம் வெச்சிருக்கான். கடையை மூடிட்டு வாடாங்கிறான். சாயங்காலம் அவனுக்குப் பதில் சொல்லணும்."

விளையாட்டாகச் சொன்ன ஒரு பொய்... ஒரு மனிதனின் பிழைப்புக்கே உலை வைக்கிறதே!

கண்ணாடி அறைக்குள் அவனை உட்காரவைத்து ஹெட்போனை மாட்டினாள். வெளியே வந்து ஒவ்வொரு ஒலியாக அனுப்பினாள். ஊசி முனையளவு ஒலிக்கும் அவன் கை உயர்ந்தது. ஒன்றுகூடத் தவறவில்லை.

சொன்னால் இனி முகத்தில் விழிக்க மாட்டான். சொல்லாவிட்டால்...

மைக்கை இழுத்தாள்.

"உங்க காதுக்கு ஒரு குறையும் இல்லை. கடையை மூடாதீங்க."

"அப்போ அந்தச் சத்தம்?"

"அப்படி ஒரு சத்தமே இல்லை. முதல்லேர்ந்தே இல்லை. உங்களைப் பாக்க வர்றதுக்கு... எனக்கு வேற காரணம் தோணலை."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.

"ராத்திரியெல்லாம் தூக்கம் வரலை, தெரியுமா?" ஸ்பீக்கரில் வந்த அவன் குரலில் கோபம் இருந்தது. "என் கையில இருந்த வேலை போச்சுன்னு நெனச்சேன்."

"மன்னிச்சிடுங்க..." அவள் குரல் உடைந்தது. தலை தானாகக் குனிந்தது.

ஸ்பீக்கரில் அவன் மூச்சு கேட்டது. பிறகு, மெதுவாக...

"கடையை மூடுறதுகூட எனக்குப் பெருசாத் தெரியலை. அந்த ஊர்ல நீங்க வந்து குறை சொல்ல மாட்டீங்களேன்னுதான்..."

அவள் நிமிர்ந்தாள். அந்தக் கண்களில் கோபம் வடிந்திருந்தது.

"அண்ணனுக்கு இப்பவே போன் பண்ணிடுறேன். வரலைன்னு மட்டும் சொல்லட்டுமா... காரணத்தையும் சொல்லட்டுமா?"

வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் அவள் மைக்கின் மேல் சாய்ந்தாள்.

"காரணத்தையும்... சொல்லிடுங்க."